வைத்தியச் செலவை யார் சுமப்பது?



மாற்கு எழுதிய நற்செய்தியில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரும்பாட்டினால் வருந்திய ஒரு பெண்ணைச் சந்திக்கின்றோம். ஆண்டவரின் ஆடையைத் தொட்டுச் சுகமடைந்தவள் என்றே அவளை நாம் நினைவில் வைத்திருக்கின்றோம். நற்செய்தியாளர் அவளைப் பற்றி வேறொரு செய்தியையும் சொல்கின்றார். அவள் பல வைத்தியர்களிடம் அலைந்தாள், கையில் இருந்ததெல்லாம் செலவழித்தாள், நோயோ குறையாமல் கூடிக்கொண்டே போயிற்று. ஆகவே, ஆண்டவரிடம் வந்தபோது அவளுக்கு இருந்த துன்பங்கள் இரண்டு: ஒன்று நோய், மற்றது அந்த நோய் கொண்டுவந்த வறுமை.

லூக்கா எழுதிய நற்செய்தியில் இதற்கு மறுபக்கமான ஒரு காட்சி உண்டு. எரிக்கோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனை நல்ல சமாரியன் சத்திரத்திற்குக் கொண்டு சேர்த்தான். காயத்தைக் கட்டியதோடு அவன் நின்றுவிடவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தான். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகப் பொறுப்பேற்றான். தெனாரியம் என்பது அன்றைய கூலியாளின் ஒரு நாட் சம்பளம். அடிபட்டவன் ஒரு காசும் கொடுக்கவில்லை. அவனுடைய செலவை வேறொருவர் சுமந்தார்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையில்தான் இன்றைய உலகின் வைத்திய முறைகள் எல்லாம் நிற்கின்றன. நோய் வந்தால் நோயாளி தனியாகச் சுமக்க வேண்டுமா, அல்லது மற்றவர்களும் சேர்ந்து சுமக்க வேண்டுமா? சேர்ந்து சுமப்பதென்றால் எப்படி? நம் குடும்பங்களில் பலர் இலண்டனிலும், பாரிசிலும், ரொறன்ரோவிலும், ஜேர்மனியிலும் வாழ்கின்றார்கள். அங்கே எல்லாம் சும்மா என்று சிலர் சொல்வார்கள். அங்கே ஒரு நோய் வந்தால் வீட்டையே விற்கவேண்டும் என்று வேறு சிலர் சொல்வார்கள். இவற்றில் எது எந்த நாட்டுக்குப் பொருந்தும் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. பணம் எந்தப் பையிலிருந்து வருகின்றது?

எந்த நாட்டிலும் வைத்தியருக்கும் தாதியருக்கும் சம்பளம் வேண்டும். மருந்துக்கு விலை உண்டு. கட்டிடத்திற்கும் மின்சாரத்திற்கும் செலவு உண்டு. ஆகவே முற்றிலும் இலவசமான வைத்தியம் என்று உலகில் ஒன்றில்லை. அந்தப் பணம் எந்தப் பையிலிருந்து, எப்போது எடுக்கப்படுகின்றது என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன. முக்கியமான பைகள் நான்கு.

முதலாவது, அரசாங்கத்தின் வரிப் பணம். எல்லாரும் வரி கட்டுகின்றார்கள். நோயுற்றவர் வைத்தியசாலைக்குப் போகும்போது பணம் கேட்கப்படுவதில்லை. பிரித்தானியாவும் நம் இலங்கையும் இந்த வழியைச் சேர்ந்தவை.

இரண்டாவது, தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் சம்பளத்திலிருந்து செலுத்தும் சுகாதாரக் காப்புறுதி நிதி. ஜேர்மனியும் பிரான்சும் இப்படி.

மூன்றாவது, தனியார் காப்புறுதிக் கொம்பனி. ஐக்கிய அமெரிக்காவில் உழைக்கும் வயதினர் பெரும்பாலும் இதையே நம்பியிருக்கின்றார்கள்.

நான்காவது, நோயாளியின் சொந்த மடி. வறிய நாடுகள் பலவற்றில் இதுவே பெரிய பை. நற்செய்தியில் வரும் அந்தப் பெண்ணிடம் இருந்ததும் இது ஒன்றுதான்.

எந்த நாடும் ஒரு பையை மட்டும் நம்பியிருப்பதில்லை. எது பெரிது, எது சிறிது என்பதே வேறுபாடு.

2. இரண்டு நோயாளர்

விளங்கிக்கொள்வதற்கு இரண்டு நோயாளரை மனதில் வைத்துக்கொள்வோம். ஒருவர் இருபது வயது வாலிபர், வேலை செய்கின்றார். இரவில் திடீரென வயிற்றுக் குத்து எடுத்து, அப்பென்டிக்ஸ் சத்திரசிகிச்சை செய்து, நான்கு நாள் வாட்டில் இருக்கின்றார். மற்றவர் ஐம்பத்தைந்து வயதுத் தாய், நீரிழிவு நோயாளி. அவருக்குச் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. ஆனால் ஆயுள் முழுவதும் குளிசையும், இரத்தப் பரிசோதனையும், பிறகு ஒருவேளை இன்சுலின் ஊசியும் வேண்டும்.

வாலிபரின் செலவு ஒரே நாளில் மலைபோல் வருகின்றது. தாயின் செலவு மாதந்தோறும் துளித்துளியாக வருகின்றது. ஒரு முறை மலையைத் தாங்கிப் பிடித்துத் துளியை விட்டுவிடலாம். இருவரையும் தாங்குகின்றதா என்று பார்த்தால்தான் அந்த முறையின் தரம் தெரியும்.

3. பிரித்தானியா

1948 ஆம் ஆண்டு ஜூலை 5 ஆம் திகதி பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை ஆரம்பமாயிற்று. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அன்றைய சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவான். அவர் வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த திரெடீகர் என்னும் ஊரில் பிறந்தவர். அவ்வூர்த் தொழிலாளர் வாராவாரம் தம் கூலியிலிருந்து சிறு தொகை சேர்த்து, தமக்கென ஒரு வைத்திய உதவிச் சங்கத்தை நடத்தி வந்தார்கள். ஓர் ஊர் செய்ததை ஒரு நாடு செய்யலாம் என்பதே பெவானின் எண்ணம்.

நம் வாலிபர் அங்கே இருந்தால் சத்திரசிகிச்சைக்கும், வாட்டுக்கும், சாப்பாட்டுக்கும் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. வெளியில் மருந்தகத்தில் மருந்து எடுக்கும்போது இங்கிலாந்தில் மட்டும் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கட்டணம் உண்டு. 2024 மே மாதம் அது 9 பவுண் 90 பென்சாக நிர்ணயிக்கப்பட்டது. வேல்ஸ் 2007 இலும், வட அயர்லாந்து 2010 இலும், ஸ்கொட்லாந்து 2011 இலும் இக்கட்டணத்தை முற்றாக நீக்கிவிட்டன. இங்கிலாந்திலும் சிறுவர், அறுபது வயதைக் கடந்தோர், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. குளிசை அல்லது இன்சுலின் எடுக்கும் நீரிழிவு நோயாளிக்கும் விலக்குப் பத்திரம் கிடைக்கும். ஆகவே நம் தாயும் தப்பினார்.

ஆனால் பணத்தால் கொடுக்காததைக் காலத்தால் கொடுக்க நேரிடுகின்றது. அவசரமில்லாத சத்திரசிகிச்சைக்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். 2023 இல் இங்கிலாந்தின் காத்திருப்போர் பட்டியல் 77 இலட்சத்தைத் தாண்டியது. முழங்கால் நோவோடு ஓராண்டு காத்திருப்பதும் ஒருவகை விலைதான்.

அங்கே பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சேவை அந்நாட்டில் வசிப்பவர்களுக்கு உரியது. குறுகிய கால விசாவில் போகின்றவர் அவசரப் பிரிவில் இலவசமாகப் பார்க்கப்படுவார். வாட்டில் சேர்க்கப்பட்டால் பெரும்பாலும் கட்டணம் அறவிடப்படும். அதுவும் உண்மைச் செலவின் ஒன்றரை மடங்காகும். படிக்கவும் வேலைக்கும் நீண்ட கால விசாவில் போகின்றவர்கள் விசாக் கட்டணத்தோடு சுகாதார வரியையும் முன்கூட்டியே கட்டுகின்றார்கள். 2024 பெப்ரவரியில் அது ஆண்டொன்றுக்கு 1,035 பவுணாகவும், மாணவருக்கு 776 பவுணாகவும் உயர்த்தப்பட்டது.

4. ஜேர்மனியும் பிரான்சும்

தொழிலாளருக்கான நோய்க் காப்புறுதியை நாடு முழுவதற்கும் முதன்முதலில் சட்டமாக்கியது ஜேர்மனி. 1883 இல் பிஸ்மார்க் அதைச் செய்தார். அவர் ஏழைகளின் தோழர் அல்லர். தொழிலாளர் சோசலிசவாதிகள் பக்கம் சாய்ந்துவிடக்கூடாது என்பதே அவர் கவலை. ஆயினும் அன்று நட்ட மரம் இன்றும் நிழல் தருகின்றது.

அங்கே சம்பளத்தில் ஓர் உச்சவரம்பு வரை 14.6 வீதம் நோய்க் காப்புறுதி நிதிக்குப் போகின்றது. பாதியைத் தொழிலாளியும் பாதியை முதலாளியும் கொடுக்கின்றார்கள். இதற்கு மேல் ஒவ்வொரு நிதியும் அறவிடும் சிறு கூடுதல் வீதமும் உண்டு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: கட்டணம் சம்பளத்தைப் பொறுத்தது, நோயைப் பொறுத்ததல்ல. நோயாளி என்பதற்காக ஒருவரிடம் கூடுதலாக வாங்க முடியாது. வருமானமில்லாத மனைவியும் பிள்ளைகளும் மேலதிகக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளப்படுகின்றார்கள்.

நம் வாலிபர் வாட்டில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் 10 யூரோ கொடுப்பார்; நான்கு நாளுக்கு 40 யூரோ. ஆண்டில் 28 நாளுக்கு மேல் இது அறவிடப்படாது. நம் தாய் ஒவ்வொரு மருந்துக்கும் 5 முதல் 10 யூரோ வரை கொடுப்பார். இதற்கும் ஓர் எல்லை உண்டு: ஒரு குடும்பம் இவ்வாறு கைப்பணமாகக் கொடுப்பது ஆண்டு வருமானத்தில் 2 வீதத்தைத் தாண்டக்கூடாது, நீண்டகால நோயாளி இருந்தால் 1 வீதத்தைத் தாண்டக்கூடாது. வருமானம் 30,000 யூரோவாயின், தாய் ஏறத்தாழ 300 யூரோ கொடுத்தபின் அவ்வாண்டு முழுவதும் விலக்குப் பெறலாம். கட்டணம் இருக்கின்றது, ஆனால் குடும்பத்தை முறிக்கும் கட்டணம் இல்லை.

பிரான்சின் முறை 1945 இல் உருவான சமூகப் பாதுகாப்பு நிதி. 2024 டிசம்பர் முதல் குடும்ப வைத்தியரைச் சந்திக்க 30 யூரோ. நிதி இதில் எழுபது வீதத்தைப் பொறுப்பேற்று, அதிலிருந்து 2 யூரோவைக் கழித்து, 19 யூரோவைத் திருப்பித் தருகின்றது. மிகுதியில் 9 யூரோவைப் பெரும்பாலானோர் வைத்திருக்கும் துணைக் காப்புறுதி தருகின்றது. நோயாளியின் கையிலிருந்து இறுதியாகப் போவது 2 யூரோ. நீரிழிவு அங்கே நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், நம் தாயின் அந்நோய்ச் சிகிச்சைக்கு நிதி நூறு வீதக் கணக்கில் பணம் தருகின்றது. சிறு சிறு கழிவுகள் மட்டும் அவருடையவை.

5. கனடா

கனடாவின் பொது வைத்தியக் காப்புறுதி ஒரு மாகாணத்திலிருந்து பிறந்தது. சஸ்கச்சுவான் மாகாண முதல்வராக இருந்த ரொமி டக்ளஸ் ஒரு பப்ரிஸ்ற் சபைப் போதகர். சிறுவயதில் அவருடைய கால் எலும்பில் நோய் பற்றி, காலையே வெட்டவேண்டிய நிலை வந்தது. பெற்றோரிடம் பணமில்லை. மாணவர்களுக்குக் கற்பிப்பதற்கு உதவும் என்று ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் பணம் வாங்காமல் சிகிச்சை செய்து காலைக் காப்பாற்றினார். ஒரு பிள்ளையின் கால் ஒரு வைத்தியரின் நல்ல மனதைப் பொறுத்திருக்கக்கூடாது என்று டக்ளஸ் பிற்காலத்தில் வாதாடினார். நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய கருத்து இது. தருமம் நல்லது, ஆனால் தருமம் எல்லாருடைய வாசலுக்கும் வந்து சேர்வதில்லை.

1947 இல் அம்மாகாணம் வைத்தியசாலைக் காப்புறுதியையும், 1962 ஜூலையில் வைத்தியர் சேவைக் காப்புறுதியையும் ஆரம்பித்தது. வைத்தியர்கள் எதிர்த்து மூன்று வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். திட்டம் நிலைத்தது. 1966 இல் கனடா முழுவதற்கும் சட்டம் வந்தது. 1984 ஆம் ஆண்டுச் சட்டம், காப்புறுதியில் அடங்கிய சேவைக்கு நோயாளியிடம் மேலதிகப் பணம் கேட்பதைத் தடுத்தது.

நம் வாலிபருக்குச் சத்திரசிகிச்சையும் வாட்டும் இலவசம். ஒன்ராறியோவில் அம்புலன்ஸ் வண்டியில் போனால் 45 டொலர் கட்டுவார். ஆனால் நம் தாயின் கதை வேறு. வைத்தியசாலைக்கு வெளியே வாங்கும் மருந்து கனடாவின் பொதுக் காப்புறுதியில் எல்லாருக்கும் அடங்குவதில்லை. தொழிலகம் தரும் காப்புறுதி இருந்தால் அது கொடுக்கும். இல்லாவிட்டால் சொந்தப் பணம். ஒன்ராறியோவில் 65 வயதைக் கடந்தோருக்கும், வருமானத்தோடு ஒப்பிட்டால் மருந்துச் செலவு மிகுந்தோருக்கும் மாகாண உதவி உண்டு. 2024 இல் கனேடிய நாடாளுமன்றம் நீரிழிவு மருந்துகளை உள்ளடக்கிய ஒரு மருந்துச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் ஒவ்வொரு மாகாணமும் மத்திய அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்தால்தான் அது அங்கே நடைமுறைக்கு வரும். மலையைத் தாங்கித் துளியை விட்டுவிட்ட முறைக்கு இது உதாரணம்.

சுப்பர் விசாவில் கனடா போகும் பெற்றோர் குறைந்தது ஓராண்டுக்கு, 100,000 டொலர் வரை ஈடுசெய்யும் தனியார் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். முதியவர்களுக்கு அதன் கட்டணம் பெரிது. பழைய நோய்களை அது ஈடுசெய்யுமா என்று கையெழுத்திடுமுன் வாசித்துப் பார்ப்பது அவசியம்.

6. ஐக்கிய அமெரிக்கா

அமெரிக்கா உலகிலேயே வைத்தியத்திற்கு அதிகமாகச் செலவிடும் நாடு. 2023 இல் அந்நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 வீதம் இதற்குச் சென்றது. அப்படியிருந்தும் அவ்வாண்டில் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர் எந்தக் காப்புறுதியும் இல்லாமல் இருந்தார்கள்.

1965 இல் ஜனாதிபதி லின்டன் ஜோன்சன் முதியோருக்கு ஒன்றும் வறியோருக்கு ஒன்றுமாக இரண்டு அரசாங்கத் திட்டங்களைக் கொண்டுவந்தார். மற்றையோர் பெரும்பாலும் தொழிலகம் மூலம் தனியார் காப்புறுதி எடுக்கின்றார்கள். 2024 இல் ஒரு குடும்பத்திற்கான தொழிலகக் காப்புறுதியின் சராசரி ஆண்டுக் கட்டணம் 25,572 டொலர். இதில் தொழிலாளியின் பங்கு 6,296 டொலர். நோய் வராவிட்டாலும் இது போய்விடும்.

நோய் வந்தால்? காப்புறுதி உடனே கைகொடுப்பதில்லை. முதலில் ஒரு தொகை வரை நோயாளியே கொடுக்க வேண்டும். தொழிலகக் காப்புறுதிகளில், அத்தொகை உள்ள தனிநபர் திட்டங்களில், 2024 இல் அது சராசரி 1,787 டொலர். அதன்பின் வரும் செலவிலும் ஒரு பங்கு அவருடையது. ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். நம் வாலிபரின் பில் 20,000 டொலர் என்றும், பின்வரும் செலவில் அவர் பங்கு ஐந்தில் ஒன்று என்றும் வைத்துக்கொள்வோம். முதலில் 1,787 டொலர். மிகுதி 18,213 டொலரில் ஐந்தில் ஒன்று ஏறக்குறைய 3,643 டொலர். மொத்தம் 5,430 டொலர். காப்புறுதி உள்ளவருக்கே இந்தக் கதி. இல்லாதவருக்கு முழு பில்லும் அவர் பெயரில் வரும்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1986 ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயிராபத்தில் வருபவரைப் பணமில்லை என்று அவசரப் பிரிவு திருப்பி அனுப்ப முடியாது. 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தினால், முன்பே நோய் உண்டு என்று காரணம் காட்டிக் காப்புறுதியை மறுக்க முடியாது. 26 வயது வரை பிள்ளைகள் பெற்றோரின் காப்புறுதியில் இருக்கலாம். இலாப நோக்கற்ற வைத்தியசாலைகள் வறியோருக்கான உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும். 2023 முதல் முதியோர் திட்டத்தில் இன்சுலினுக்கு மாதம் 35 டொலருக்கு மேல் அறவிடுவதில்லை. ஆனால் நம் தாய்க்கு வயது 55. அவர் எவ்வளவு கொடுப்பார் என்பது அவர் எந்தக் கொம்பனியில் எந்தத் திட்டம் எடுத்தார் என்பதைப் பொறுத்தது.

7. எங்கள் நாடு

யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியின் தொடக்கம் 1850 இல் ஒரு தரும சங்கம் ஏழைகளுக்காக நடத்திய வைத்தியசாலை. பின்னர் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. தருமத்தில் தொடங்கி உரிமையாக மலர்ந்த பாதை அது.

1931 இல் இலங்கையில் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. வாக்குரிமை பெற்ற மக்கள் தங்கள் ஊருக்கும் வைத்தியசாலை கேட்டார்கள். கிராமந்தோறும் வைத்தியசாலைகள் எழுந்தன. 1951 இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, பேராசிரியர் சேனக பிபிலேயின் வழிகாட்டலில், அவசியமான மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரில் மலிவாக வாங்கும் முறை வந்தது. 1930களில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்த நாட்டில் இன்று அத்தொகை 40க்கும் கீழே நிற்கின்றது. செல்வம் மிகுந்த நாடுகளும் வியக்கும் சாதனை இது.

ஆகவே நம் வாலிபருக்கு அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணமில்லை. 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்சுக்கும் கட்டணமில்லை. 2016 இல் தென்னிலங்கையில் ஆரம்பித்த அச்சேவை 2018 இல் வடக்கிற்கும் வந்தது. நம் தாய்க்குக் கிளினிக்கில் மாதந்தோறும் மருந்து கிடைக்கின்றது.

அப்படியானால் நம் குடும்பங்கள் ஏன் கடன்படுகின்றன? நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ பாதி மக்களின் சொந்த மடியிலிருந்தே போகின்றது என்பது பலருக்குத் தெரியாது. கிளினிக்கில் இல்லாத மருந்தை வெளியே வாங்குகின்றோம். பரிசோதனைக்கு நாள் தள்ளிப்போனால் தனியார் ஆய்வுகூடத்திற்குப் போகின்றோம். காலையில் அரசாங்க வைத்தியசாலையில் இருக்கும் நிபுணரை மாலையில் பணம் கட்டிச் சனல் பண்ணுகின்றோம். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் சாதாரண மருந்துகளுக்கும் துண்டு எழுதிக் கொடுத்து வெளியே வாங்கச் சொன்ன நாட்களை நாம் மறக்கவில்லை. இவற்றோடு பஸ் காசு, துணைக்கு நிற்பவரின் சாப்பாடு, இழந்த நாட்கூலி. கடற்றொழிலுக்குப் போகும் ஒருவர் ஒரு நாள் கிளினிக் வரிசையில் நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. ஆகவே இலவச வைத்தியத்திற்கும் ஏழை ஒரு விலை கொடுக்கின்றான்.

இலவசம் என்ற சொல்லையும் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கும் பால்மாவிலும் சவர்க்காரத்திலும் வரி அடங்கியிருக்கின்றது. ஏழையும் வரி கட்டுகின்றான். அரசாங்க வைத்தியசாலையில் அவன் பெறுவது பிச்சையன்று. அவனும் சேர்ந்து போட்ட பணத்தின் பங்கு. அங்கே அவனை மரியாதையோடு நடத்தவேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

8. சிறு கட்டணம் நல்லதா?

சிலர் சொல்வார்கள்: "முற்றிலும் இலவசமாக்கினால் மக்கள் தேவையில்லாமல் வந்து குவிவார்கள். ஒரு சிறு கட்டணம் வைத்தால் தேவையானவர் மட்டும் வருவார்." கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். நம் நாட்டிலேயே 1970களில் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட்டார்கள். பின்பு அது கைவிடப்பட்டது. ஜேர்மனியில் 2004 இல் காலாண்டுக்கு 10 யூரோ வைத்தியர் கட்டணம் கொண்டுவந்தார்கள். 2012 முடிவோடு அதையும் நீக்கினார்கள்.

இதைப் பற்றி 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் றாண்ட் நிறுவனம் 2,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்துப் பெரிய ஆய்வொன்று நடத்தியது. சில குடும்பங்களுக்கு வைத்தியம் முற்றிலும் இலவசம். மற்றவை ஒரு பங்கு கட்டின. பங்கு கட்டியவர்கள் வைத்தியரிடம் போவதைக் குறைத்தார்கள். ஆனால் அவர்கள் தேவையில்லாத வைத்தியத்தை மட்டும் குறைக்கவில்லை. தேவையான வைத்தியத்தையும் சேர்த்தே குறைத்தார்கள். பெரும்பாலானோரின் உடல்நலத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை; ஆனால் உயர் இரத்த அழுத்தமுள்ள வறியவர்களின் நிலைமை இலவச வைத்தியம் பெற்றவர்களிடையே மேலாக இருந்தது. தன் நெஞ்சு நோ வாய்வா, மாரடைப்பா என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? அதை அறியத்தானே வைத்தியரிடம் போகின்றோம்? சிறு கட்டணம் வசதியுள்ளவனைத் தடுப்பதில்லை. ஏழையையே வாசலில் நிறுத்துகின்றது.

9. திருச்சபை என்ன சொல்கின்றது?

புனிதர்களான கோஸ்மாஸ், தமியான் இருவரும் வைத்தியர்கள். நோயாளரிடம் காசு வாங்காதவர்கள் என்றே கீழைத் திருச்சபை அவர்களை அழைக்கின்றது. நான்காம் நூற்றாண்டில் புனித பசிலியார் செசரேயாவில் நோயாளருக்கும் ஏழைகளுக்கும் பெரிய இல்லமொன்று கட்டினார். அன்று தொட்டு நோயாளரைப் பராமரிப்பது திருச்சபையின் பணியாக இருந்து வருகின்றது.

ஆனால் நம் காலத்துத் திருச்சபை தருமத்தோடு நின்றுவிடவில்லை. திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1963 இல் உலக அமைதி பற்றி எழுதிய சுற்றுமடலில், உணவு, உடை, உறையுள் ஆகியவற்றோடு வைத்தியப் பராமரிப்பையும் மனிதனின் உரிமைகளில் ஒன்றாக வைத்தார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981 இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தொழிலாளருக்கு வைத்திய உதவி எளிதில் கிடைக்க வேண்டும், இயன்றவரை மலிவாகவும் கூடுமானால் இலவசமாகவும் இருக்க வேண்டும் என்று போதித்தார். எந்த நாட்டின் முறை சிறந்தது என்று திருச்சபை தீர்ப்புக் கூறுவதில்லை. நோயாளி எதனால் திருப்பி அனுப்பப்படுகின்றார் என்பதையே அது கேட்கின்றது. பணமில்லாமையால் என்றால், அங்கே நீதி குறைவுபடுகின்றது.

10. நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை

முதலாவதாக, உரிமையான சேவையைப் பயன்படுத்துங்கள். "அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் சனம் என்ன சொல்லும்?" என்ற எண்ணத்தினால் நகையை அடைவு வைத்துத் தனியார் வைத்தியசாலைக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. தேவை இருந்தால் போகலாம், பேருக்காகப் போகவேண்டாம். போகுமுன் மொத்தச் செலவு எவ்வளவு, வேறு எவை சேரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்பது வெட்கமல்ல.

இரண்டாவதாக, கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். மருந்து வெளியே வாங்க நேர்ந்தால், அதே மருந்து மலிவான பெயரில் உண்டா என்று வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். காசில்லாததால் குளிசையைப் பாதியாக விழுங்குவதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். அவருக்குத் தெரிந்தால் வேறு வழி சொல்வார். தெரியாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டிவிடுவார்.

மூன்றாவதாக, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் பணம் கேட்குமுன், அவர்களும் சம்பளத்திலிருந்து காப்புறுதியும் வரியும் கட்டுகின்றார்கள் என்பதை நினையுங்கள். பிள்ளைகளும், பெற்றோரை அழைக்குமுன் காப்புறுதி ஒழுங்குகளைச் செய்வது கடமை.

நான்காவதாக, ஊராகச் சேர்ந்து சுமப்போம். நம் ஊர்களில் மரண சகாய நிதி இல்லாத இடம் குறைவு. ஒருவர் இறந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் எல்லாரும் சேர்ந்து கொடுக்கின்றோம். அவர் உயிரோடு வைத்தியசாலையில் கிடக்கும்போது பஸ் காசுக்கும் ஒரு ஸ்கானுக்கும் சேர்ந்து கொடுக்க ஒரு நிதி ஏன் இருக்கக்கூடாது? 1930களிலேயே மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை கட்டிய மக்கள் நாம். திரெடீகர்ச் சுரங்கத் தொழிலாளர் செய்ததும் அதுவே. வின்சென்ட் டி போல் சபையும் அன்பியக் குழுக்களும் சிறிய அளவில் தொடங்கலாம்: கணக்கு வெளிப்படையாகவும், பெறுபவரின் பெயர் மறைவாகவும் இருக்கட்டும்.

நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் கொடுத்தது இரண்டு நாட் கூலி. அது பெரிய தொகையன்று. அவன் அதோடு விட்டுப் போகவில்லை, மிகுதிக்கும் பொறுப்பேற்றான் என்பதை நம் ஆண்டவர் மறக்காமல் சொல்லிவைத்தார்.

கலந்துரையாடலுக்கு:

1. கடந்த ஓராண்டில் உங்கள் குடும்பம் வைத்தியத்திற்காகக் கைப்பணமாகச் செலவிட்டது எவ்வளவு? பஸ் காசையும் இழந்த கூலியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

2. அச்செலவில் அரசாங்க வைத்தியசாலையில் பெற்றிருக்கக்கூடியது எவ்வளவு? ஏன் பெறவில்லை?

3. இப்பாடத்தில் பார்த்த நாடுகளில், வாலிபரையும் தாயையும் ஒருங்கே தாங்கும் முறை எது? அதற்கு அந்நாட்டு மக்கள் என்ன விலை கொடுக்கின்றார்கள்?

4. உங்கள் பங்கில் மருந்து வாங்க வழியில்லாமல் இருப்பவர் யார்? அவருக்கு இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியது என்ன?